சத்துணவு விதியும் வர்த்தக ஒப்பந்தமும்: எங்கே இடிக்கிறது, எப்படி எழுதினால் நிற்கும்

பாக்கெட்டின் முன்பக்கத்தில் எச்சரிக்கை முத்திரை, சர்க்கரைப் பானத்துக்கு வரி, கொழுப்பு மிகுந்த இறைச்சிக்குத் தடை. இவற்றையெல்லாம் சுகாதார அமைச்சகம் தானே முடிவு செய்துவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நாடு உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினராக இருந்தால், அந்த அமைப்பின் ஒப்பந்தங்கள் முக்கியமாக இரண்டு கேள்விகளை முன்வைக்கும். உள்நாட்டுச் சரக்குக்கும் இறக்குமதிச் சரக்குக்கும் ஒரே விதிதானா? மக்கள் நலனைக் காக்கத் தேவையான அளவைத் தாண்டி இந்த விதி வர்த்தகத்தை நெருக்குகிறதா?

முதல் கேள்வியில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோவே பாடம். கரும்புச் சர்க்கரை அல்லாத இனிப்பு சேர்த்த குளிர்பானங்களுக்கு மட்டும் அந்நாடு 2002-ல் 20 சதவீத வரி போட்டது. அடி விழுந்தது அமெரிக்கச் சோளப்பாகுக்கு. உலக வர்த்தக அமைப்பில் வழக்கு நடந்து, 2006-ல் மெக்சிகோ தோற்றது. அதோடு விடவில்லை. வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் (நாப்டா) முதலீட்டுப் பிரிவைப் பிடித்து நிறுவனங்கள் தனியாக இழப்பீடு கேட்டன. ஒரு வழக்கில் மட்டும் 7.7 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பானது. அதே நாடு 2014-ல் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி கொண்டுவந்தது. இனிப்பு கரும்பா, சோளமா, எந்த நாட்டுச் சரக்கு என்று அந்த வரி பார்க்கவில்லை. அது நிலைத்துவிட்டது.

தடைக்கும் இதே கணக்குதான். சமோவா 2007-ல் கொழுப்பு மிகுந்த வான்கோழி வாலின் இறக்குமதியைத் தடை செய்தது. 2012-ல் உலக வர்த்தக அமைப்பில் சேருவதற்காக அந்தத் தடையைக் கைவிட வேண்டியதாயிற்று. பிஜி 2000-ல் ஆட்டின் விலாவோரக் கொழுப்பிறைச்சியை நாட்டின் எல்லையில் நிறுத்தாமல், கடையில் விற்பதையே தடுத்தது. எங்கிருந்து வந்தாலும் விற்கக் கூடாது என்றால் பாரபட்சம் என்று வாதிடுவது கடினம். இறக்குமதி வரியை உயர்த்துவதைவிட இரு தரப்புக்கும் பொதுவான கலால் வரி பாதுகாப்பானது என்பதும் இதனால்தான். இறக்குமதி வரிக்கு அந்த நாடு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட உச்சவரம்பு உண்டு; அதைத் தாண்ட முடியாது.

லேபிள் விதிக்குத்தான் வேலை அதிகம். அது வர்த்தகத்துக்கான தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தத்தின் கீழ் வரும். வரைவாக, திருத்த இடமிருக்கும்போதே அதை ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். மற்ற நாடுகள் கருத்துச் சொல்லக் குறைந்தது 60 நாள், விதி வெளியான பின் அமலுக்கு வர வழக்கமாக ஆறு மாதம் தர வேண்டும். அறிவிப்புப் படிவத்தில் எந்தப் பொருள், விதியின் சுருக்கம், நோக்கம், கருத்துக்கான கடைசி நாள் என்று கட்டங்கள் இருக்கும். பலர் கோட்டை விடுவது நோக்கம் என்ற கட்டத்தில். ‘மக்கள் உடல்நலம்’ என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். எந்த நோய், அதற்கு எந்தச் சத்து காரணம், உப்புக்கும் சர்க்கரைக்கும் இந்த அளவை ஏன் எல்லையாக வைத்தோம், பாக்கெட்டின் பின்பக்க அட்டவணை ஏன் போதவில்லை என்பதற்கான ஆதாரம் அன்றைக்கே கையில் இருக்க வேண்டும். கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தர அமைப்பின் வழிகாட்டியிலிருந்து விலகினால், அது ஏன் பயன்படாது என்பதையும் எழுத வேண்டும்.

ஏனென்றால் நல்ல விதிகள் பெரும்பாலும் தீர்ப்பில் சாவதில்லை, அந்த ஒப்பந்தத்துக்கான உறுப்பு நாடுகளின் குழுவில் எழும் கேள்விகளிலேயே நீர்த்துப்போகின்றன. நொறுக்குத் தீனிக்குப் போக்குவரத்து விளக்கு நிறங்களில் லேபிள் போட தாய்லாந்து 2006-ல் முயன்றது; எதிர்ப்பு குவிந்தது; கடைசியில் வந்த விதியில் நிறங்கள் இல்லை. சிலி நாட்டையும் அதே குழுவில் கேள்விகளால் குடைந்தெடுத்தார்கள். அது பதில் சொல்லிக்கொண்டே, 2016 ஜூனில் கறுப்பு எண்கோண முத்திரையை அமலாக்கியது. 2018-லும் 2019-லும் அளவுகளை இறுக்கியது.

புதிதாக இருதரப்பு ஒப்பந்தம் பேசும்போது சுகாதாரத் துறை கையெழுத்துக்கு முன்பே மேசையில் இருக்க வேண்டும். பார்க்க வேண்டிய பக்கங்கள் மூன்று: வரி அட்டவணை, லேபிள் பற்றிய இணைப்பு, முதலீட்டாளர் அரசின் மீது வழக்குப் போடும் பிரிவு. மூன்றாவதில் பொதுநல விதிகளுக்கு விலக்கு தெளிவாக இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். பழைய முதலீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில், நாடு விலகிய பிறகும் 10, 15 ஆண்டுகளுக்கு அந்தப் பிரிவு உயிரோடு இருக்கும்.