பிறந்த குழந்தைக்கு எங்கிருந்து வரும் யானைக்கால்?

ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. பிறந்த அன்றே இரண்டு பாதங்களும் மேல்புறம் உப்பியிருந்தன என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகும், யானைக்கால் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் தெரியும் என்று, தூங்குகிற குழந்தையை ராத்திரி பத்து மணிக்கு மேல் எழுப்பி விரலைக் குத்தி ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். புழு இல்லை என்று முடிவு வந்தும், எதற்கும் இருக்கட்டும் என்று யானைக்கால் மாத்திரை. அம்மாவின் பையில் சீட்டுகள் ஒரு கத்தை இருந்தன. அழுத்தக் கட்டு பற்றி ஒன்றிலும் ஒரு வரி இல்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். மாத்திரை எழுதுவது என் வேலையல்ல. வீங்கிய கால்களுக்குக் கட்டுப் போடுவதும், அளவெடுத்து ஸ்டாக்கிங் போட வைப்பதும்தான் என் வேலை. ஆனால் இப்படியே வந்துகொண்டிருந்தால் எப்படிப் பேசாமல் இருப்பது?

யானைக்கால் கொசுவால் வருகிறது. புழுவைச் சுமக்கும் கொசு ஒரு முறை கடித்தவுடன் வந்துவிடாது. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடிக்க வேண்டும், திசுக்களில் சேரும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்க்குள் புழு போய் வளர வேண்டும், அங்கே வருடக்கணக்கில் இருந்து குழாயைக் கெடுக்க வேண்டும். அப்புறம்தான் கால் வீங்கும். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையைக் கொசு கடிக்காது. பிறந்த அன்று கடித்திருந்தாலும் அன்றே கால் உப்பாது. வீடு வீடாக அரசு அந்த மாத்திரையைக் கொடுக்கும்போதுகூட இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுப்பதில்லை. இதெல்லாம் தெரிந்தும் எழுதுகிறார்கள் என்பதுதான் என் ஆத்திரம். இன்னொன்று: யானைக்காலே தொட்டால் ஒட்டாது. அப்படியிருக்க, யானைக்காலே இல்லாத இந்தக் குழந்தையைத் தூக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

பிறவியிலேயே வரும் இந்த வீக்கத்தில் ஒரு வகைக்கு மில்ராய் நோய் என்று பெயர். ஐந்தாவது குரோமோசோமில் உள்ள எஃப்.எல்.டி.4 என்ற மரபணுவில் பழுது. கால் திசுக்களில் சேரும் நிணநீரைச் சிறு குழாய்கள் உறிஞ்ச முடியாமல் போகிறது. பெரும்பாலும் இரண்டு பாதங்களும், சில நேரம் கணுக்காலும் வீங்கும், வலி இருக்காது. கால்விரல் நகங்கள் சிறுத்து மேல்நோக்கி வளைந்திருக்கும். இரண்டாவது விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள், பிடிபடாது. ஆண் குழந்தைகளுக்கு விரைப்பையில் நீர் கோத்துக்கொள்ளும் விரைவீக்கமும் சேர்ந்து வரலாம். அதையும் யானைக்காலின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

வில்லியம் மில்ராய் அமெரிக்காவின் ஒமாஹாவில் இருந்த மருத்துவர். 1892இல் அவர் எழுதிய கட்டுரை, இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு மிஷனரியின் வீங்கிய கால்களில் தொடங்கியது. மில்ராய் அந்தக் குடும்பத்தில் ஆறு தலைமுறையைத் தேடி, 97 பேரில் 22 பேருக்கு வீக்கம் இருந்ததாகக் கண்டார். அந்த மிஷனரி இன்று நம்மூரில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தால் ராத்திரி ரத்தத்துக்குத்தான் அனுப்பியிருப்போம்.

குடும்பத்தைக் கேட்டால், "எங்க பக்கம் யாருக்கும் இல்லைங்க" என்பார்கள். இந்தக் குழந்தையின் அப்பாவும் அதையேதான் சொன்னார். செருப்பைக் கழற்றச் சொன்னேன். பாதத்தின் மேல்புறம் மெத்தென்று இருந்தது, செருப்பு வார் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது, நகங்கள் மேலே பார்த்தன. அவர் அதை நாள் முழுக்க நின்று வேலை செய்வதால் வந்த வீக்கம் என்று நினைத்திருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு விரைவீக்க ஆபரேஷன் ஆனது பிறகு மெதுவாக வெளியே வந்தது.

பெற்றோரில் ஒருவரிடம் இந்தப் பழுது இருந்தால் போதும், ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததல்ல இது. கிரகணத்தன்று வெளியே வந்ததாலும் அல்ல. மருமகளைத் திட்டுவதை நிறுத்துங்கள். பழுது இருந்தும் வீக்கமே தெரியாதவர்கள் உண்டு. குடும்பத்தில் முதல் ஆளாகவும் ஒருவருக்கு வரலாம்.

பருவ வயதில் கால் வீங்கி, கண்ணிலும் உறுத்தல் இருந்தால் இமையை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். இமை ரோமம் இன்னொரு வரிசையாக உள்ளே முளைத்திருந்தால் அது ஃபாக்ஸ்சி2 மரபணுவால் வரும் வேறொரு வகை. கண்ணுக்கு ஓர் ஆஸ்பத்திரி, காலுக்கு இன்னொன்று என்று அலைகிறவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளிருப்பதில்லை. பெண் குழந்தைக்குக் கையும் காலும் உப்பிப் பிறந்தால் ஓர் எக்ஸ் குரோமோசோம் குறைவதால் வரும் டர்னர் குறைபாடு இருக்கிறதா என்று குரோமோசோம் பரிசோதனை அவசியம். சிறுநீரகம், இதயம் இரண்டையும் குழந்தை மருத்துவர் பார்த்துவிடுவார். பெரியவர்களுக்குத் திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கினால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

சரி, என்ன செய்வது? நீர் மாத்திரை வேண்டாம். தண்ணீர் சிறுநீராகப் போகும், தேங்கிய புரதம் திசுவிலேயே நின்று மறுபடியும் நீரை இழுக்கும். ஊசியால் குத்தி நீரெடுப்பது, சூடு போடுவது, அட்டை விடுவது, சுடச்சுட ஒத்தடம், எதுவும் கூடாது. திருஷ்டிக்குக் கணுக்காலில் கட்டிய கறுப்புக் கயிற்றையும் இறுக்கமான கொலுசையும் இன்றைக்கே கழற்றுங்கள். நான் பார்த்த ஒரு காலில் கயிறு தோலுக்குள் புதைந்து, அதற்குக் கீழே பாதம் தனியாக உப்பியிருந்தது. திருஷ்டிக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை.

இந்த நோய்க்கு முழுக் குணம் கிடையாது. ஆனால் காலின் வடிவத்தைக் காப்பாற்ற முடியும். குழந்தை நடக்க ஆரம்பித்ததும் பயிற்சி பெற்றவரிடம் அழுத்தக் கட்டு, பிறகு அளவெடுத்துத் தைத்த ஸ்டாக்கிங். காலையில் எழுந்தவுடன் போட வேண்டும், வீங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. பிள்ளை வளரும், ஸ்டாக்கிங் வளராது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புது அளவு எடுங்கள். போன வருடத்து ஸ்டாக்கிங்கைப் பத்திரமாக வைத்திருந்து திரும்பப் போட்டுவிடுகிற அம்மாக்களே, விலை எனக்கும் தெரியும். ஆனாலும் தயவுசெய்து வேண்டாம்.

குளித்ததும் விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள், சேற்றுப்புண் வந்தால் அன்றே மருந்து. செருப்பில்லாமல் தெருவில் விடாதீர்கள். கிருமி தோல் வெடிப்பு வழியாகத்தான் நுழைகிறது. கால் சிவந்து, கொதித்து, தொடை இடுக்கில் நெறி கட்டி, குளிர் ஜுரம் வந்தால் கட்டை அவிழ்த்துவிட்டு அன்று ராத்திரியே மருத்துவரிடம் போங்கள். ஆன்டிபயாடிக் வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். டியூட்டியில் இருப்பவர் கொசு கடித்ததா என்று ஆரம்பித்தால், பிறவியிலேயே இருக்கும் வீக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.