ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தோம், டாக்டர்

போன வாரப் பனிப்புயலின் இரண்டாவது இரவு. மின்சாரம் போய் முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரே வீட்டிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அம்மாவுக்கு வாந்தி, பெரிய பையனுக்குத் தலைவலி, சின்னவள் எழுப்பினால் கண் திறந்துவிட்டு மறுபடி தூங்கிப்போகிறாள். அப்பா மட்டும் தன் காலில் நடந்து வந்தார், பேச்சு லேசாகக் குழறியது. முந்தைய நாள் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

நர்ஸ் சின்னவளின் விரலில் கிளிப்பை மாட்டினார். திரையில் 99. "ஆக்ஸிஜன் நல்லாத்தானே இருக்கு?" என்றார் அப்பா, கொஞ்சம் நிம்மதியாக. வீட்டுக்குள் என்ன எரித்தீர்கள் என்று கேட்டேன். வெளியே வைத்துச் சுடும் கரி அடுப்பாம். "புகையே இல்ல டாக்டர். கரி நல்லாக் கனிஞ்ச பிறகுதான் ஹாலுக்குக் கொண்டுவந்தேன். ஜன்னலையும் திறந்துதான் வைத்திருந்தோம்." எவ்வளவு என்று விரலால் காட்டினார். இரண்டு விரல் இடைவெளி.

இந்தக் குளிர்காலத்தில் இந்த இரண்டு விரலை எனக்குக் காட்டிய மூன்றாவது ஆள் அவர். அதனால்தான் ஷிஃப்ட் முடிந்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்தப் புகை விஷயம். கரி பற்றும்போது வரும் புகை கண்ணை எரிக்கும், இருமல் வரும், நீங்களே அடுப்பை வெளியே தள்ளிவிடுவீர்கள். கனிந்து, மேலே சாம்பல் பூத்து, உள்ளே சிவப்பாக இருக்கிற கரி பார்க்கச் சாதுவாக இருக்கும். அதுவும் கார்பன் மோனாக்சைடைத் தாராளமாக வெளியே விட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, மூக்கில் ஒரு சின்ன எரிச்சல்கூட வராது. புகை அடங்கியதும் ஆபத்து போய்விட்டது என்று நினைக்கிறீர்கள். உங்களை எச்சரிக்க இருந்த ஒரே ஆள்தான் கிளம்பிப் போயிருக்கிறார்.

அடுத்தது ஜன்னல். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். ஜன்னலைத் திறந்தால் கெட்ட காற்று வெளியே போகும் என்பது உங்கள் எண்ணம். புயலடிக்கும் இரவில் அந்த இடுக்கு வழியே எது உள்ளே வரும், எது வெளியே போகும் என்பதைக் காற்றின் திசைதான் தீர்மானிக்கும். சில சமயம் வெளிக்காற்று உள்ளே தள்ளி, அடுப்பிலிருந்து வருவதைப் படுக்கையறைப் பக்கம் ஓட்டிவிடும். கார்பன் மோனாக்சைடு தரையில் படியாது, கூரைக்கும் ஏறிவிடாது. ஏறத்தாழ காற்றின் எடைதான் அதற்கும், அதனால் வீடு முழுக்கக் கலந்துவிடும். "நாங்க தரையில படுத்திருந்தோம்", "கட்டில் மேலதான் படுத்தோம்" இரண்டையும் கேட்டாகிவிட்டது, இரண்டாலும் பயனில்லை. அப்புறம், ஜன்னல் திறந்திருப்பதால் அறை குளிரும். குளிர்வதால் இன்னும் இரண்டு துண்டு கரி போடுவீர்கள். விடிகாலை மூன்று மணிக்கு யாரோ ஒருவர் அரைத் தூக்கத்தில் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பார். யார் சாத்தியது என்று மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. அந்த வாயு மூளையில் முதலில் கைவைப்பது நிதானத்தில்தான்.

எவ்வளவு திறந்தால் போதும் என்று கேட்காதீர்கள். அப்படி ஓர் அளவே கிடையாது. புகைபோக்கி இல்லாமல் கரி எரியும் இடம் வீட்டுக்கு வெளியே மட்டும்தான்.

சரி, 99 எங்கிருந்து வந்தது? இந்த வாயு ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் கிளிப்புக்கு இரத்தத்தின் நிறம்தான் தெரியும், ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினையும் இதைச் சுமக்கும் ஹீமோகுளோபினையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. வீட்டில் அந்தக் கிளிப்பை வாங்கி வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் அதை நம்பாதீர்கள். இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். தோல் செர்ரிப் பழம்போலச் சிவக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். உயிரோடு வருபவர்களிடம் நான் அதை அநேகமாகப் பார்த்ததே இல்லை.

எங்களையே ஏமாற்றும் நோய் இது. பயிற்சிக் காலத்தில் ஒரு பாட்டியை ஏதோ வைரஸ் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கிளம்பிவிட்டேன். மூத்த நர்ஸ் ஒருவர் என் காதருகே வந்து, "அவங்க வீட்டு நாயும் காலையிலிருந்து வாந்தி எடுக்குதாம்" என்றார். வைரஸ் நாயையும் பாட்டியையும் ஒரே காலையில் பிடிக்காது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், காய்ச்சல் மட்டும் இல்லை என்றால், உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகு போன் செய்யுங்கள். பத்து நிமிடம் வாசலில் நின்றேன், சரியாகிவிட்டது என்று திரும்ப உள்ளே போகாதீர்கள். சாதாரணக் காற்றில் உடம்பிலிருக்கும் அளவு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். அதற்காகத்தான் மருத்துவமனை.

ஜெனரேட்டருக்கு வருகிறேன். கராஜ் கதவைத் திறந்து வைத்து ஓட்டினாலும் கூடாது. பால்கனியில் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையில் இருக்க வேண்டும். பனி நனைக்கிறதே என்று ஜன்னலடிக்கு இழுத்து வராதீர்கள். ஒரு சின்ன ஜெனரேட்டர் விடும் கார்பன் மோனாக்சைடு நூற்றுக்கணக்கான கார்கள் விடுவதற்குச் சமம் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. காரில் உட்கார்ந்து குளிர்காய்வதானால் முதலில் கராஜிலிருந்து வெளியே எடுங்கள், சைலன்சர் குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தோண்டிவிட்டு எஞ்சினைப் போடுங்கள். கேஸ் அடுப்பை அறையைச் சூடாக்கப் பயன்படுத்தாதீர்கள். வீட்டைச் சூடாக்கும் கொதிகலனின் புகைவழி வெளிச்சுவரில் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள், பனி குவிந்து அது அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான்.

எச்சரிக்கை அலாரம். புகை அலாரம் வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. இரண்டும் சேர்ந்ததும் உண்டு, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து வாங்குங்கள். மின்சாரம் போனாலும் வேலை செய்ய பேட்டரி வேண்டும். படுக்கையறைகளுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று. நான் மேலே சொன்ன குடும்பத்திடமும் அலாரம் இருந்தது. "பேட்டரியை டிவி ரிமோட்டுக்கு எடுத்தேன்" என்றார் அப்பா, முகமூடிக்குள்ளிருந்து. நான் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவள் அதற்குள் எழுந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் எதையும் எரிக்காமல் எப்படிச் சமாளிப்பது? நியாயமான கேள்விதான். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மின்சாரம் போனது. அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 246 பேர், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குளிரால். வீட்டுக்குள்ளேயே விறைத்துப்போனவர்களும் அதில் உண்டு. குளிரை நான் லேசாகச் சொல்லவில்லை.

ஒரே ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். சின்ன அறையாக, காற்றடிக்காத பக்கமாக. கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிடுங்கள், எல்லோரும் அதிலேயே படுங்கள். முகாமுக்குப் போகும் கூடாரம் இருந்தால் அறைக்குள்ளேயே விரித்துவிடலாம், குழந்தைகளுக்கும் குஷி. தடிமனான ஒரே கோட்டைவிட மெல்லிய துணி மூன்று அடுக்கு நல்லது. தலையில் தொப்பி. மது வேண்டாம், தோல் சூடாவதுபோல் தோன்றும், உள்சூடு வெளியே போய்விடும். நடுங்கிக்கொண்டிருந்த ஒருவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டு மந்தமாகப் பேசினால் அவர் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது, அவசர உதவிக்குக் கூப்பிடுங்கள். விறைத்த விரலைத் தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது அதைவிட மோசம்.

சேமிப்புப் பட்டியல் ஆயிரம் இடங்களில் கிடைக்கும், நான் சுருக்கிவிடுகிறேன். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், மூன்று நாளுக்காவது. சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு. மெழுகுவர்த்திக்குப் பதில் டார்ச். பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம். மருந்து ஒரு வாரத்துக்கு. இன்சுலினைக் குளிர் ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள், ஒரு தடவை உறைந்தால் அது குப்பைக்குத்தான். இதய நோய் உள்ளவர்கள் பனி அள்ளக் கிளம்ப வேண்டாம். மண்வெட்டியோடு விழுந்தவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம்.

ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரில், அதாவது காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மின்கருவியில் இருப்பவர்கள் மின்சாரம் போன பிறகு எங்களைத் தேடாதீர்கள். இப்போதே சிலிண்டர் ஏற்பாடு செய்யுங்கள், அது எத்தனை மணி நேரம் வரும் என்று கேட்டு எழுதி வையுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் புயல் அறிவிப்பு வந்ததும் மையத்துக்குப் போன் போட்டு, ஒரு நாள் முன்னதாகவே முடித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

கடைசியாகத் தெரு. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் புயலடித்தபோது ஆம்புலன்ஸ்களே பனியில் சிக்கிக்கொண்டன. நகரம் இருக்கும் ஈரி மாவட்டத்தில் 47 பேர் இறந்தார்கள். அந்த மாதிரி இரவில் நான் உங்கள் வீட்டுக்கு வர முடியாது, பக்கத்து வீட்டுக்காரர்தான் வர முடியும். அதனால் ஒரு தாள் எடுத்து உங்கள் வரிசையில் இருக்கும் வீடுகளை எழுதுங்கள். யார் தனியாக இருக்கிறார், யாரிடம் கைக்குழந்தை, யார் ஆக்ஸிஜனில், யார் வீட்டில் புகைபோக்கியோடு விறகடுப்பு, யார் நர்ஸ். தாளில்தான் எழுத வேண்டும், போனில் சார்ஜ் இருக்காது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை கதவைத் தட்டுங்கள். "நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கோம் என்றுதான் சொல்வார்கள். "குளிருக்கு உள்ளே எதையாவது எரிக்கிறீர்களா?" என்று கேளுங்கள், முடிந்தால் உள்ளே போய் ஒரு பார்வை பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். தெருவோரத் தீயணைப்புக் குழாயை மூடியிருக்கும் பனியை யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து அள்ளிவிடுங்கள்.

எனக்கு இன்று மறுபடி இரவு ஷிஃப்ட். நள்ளிரவுக்கு மேல் உறைமழை என்று வானிலை அறிக்கை சொல்கிறது. படித்து முடித்ததும் எழுந்துபோய் அலாரத்தின் சோதனைப் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். சத்தம் வரவில்லை என்றால் ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றி அதில் போடுங்கள்.