ஊரடங்கிலும் பூட்டாத கதவு: தாராவிப் பெண்களுக்கு ஒரு சட்ட விளக்கம்

2020 மார்ச் 25 முதல் கொரோனா ஊரடங்கு. மும்பை தாராவியில் பத்துக்குப் பத்து அடி கோலிக்குள், அதாவது ஒற்றை அறை வீட்டுக்குள், அடிக்கிறவரும் அடி வாங்குகிறவரும் ராத்திரி பகலாக அடைந்து கிடந்தார்கள். ரகசியமாக போன் பேச இடம் ஏது? பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கிற நேரம்தான்.

நோய் வந்தாலும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துக்கு விடுமுறை கிடையாது. போலீசில் "என்சி எழுதியாச்சு, போம்மா" என்று, அதாவது வழக்கு போடாமல் புகாரை மட்டும் குறித்துக்கொண்டு, அனுப்பிவிட்டால் கதை முடிந்தது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். இந்தச் சட்டத்துக்கு எஃப்ஐஆரே வேண்டாம். இந்தச் சட்டப்படி அரசு நியமிக்கிற பாதுகாப்பு அதிகாரி மூலமாகவோ நேராகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அவசரம் என்று போனில் தகவல் போனாலும் அந்த அதிகாரி போலீஸ் துணையோடு வீட்டுக்கு வந்தாக வேண்டும். பக்கத்து கோலிக்காரரும் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது.

"கோலி என் பேரில் இருக்கு, வெளிய போ" என்று மாமியார் சொன்னால்? போக வேண்டியதில்லை. கணவரின் உறவினர் பேரில் இருந்தாலும், மருமகள் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே தங்கும் உரிமை கேட்கலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அடிக்கிற கணவரை வெளியேறச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அடிக்கக் கூடாது என்று கோர்ட் போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மனு போட்டால் 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும். அதனால் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். வக்கீலுக்குக் காசு வேண்டாம். பெண் என்றாலே இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. உடனடி ஆபத்துக்கு 112, மகளிர் உதவிக்கு 181.

எனக்குப் பிடித்த ஏற்பாடு திலாசா. 2000-இல் பாந்திரா பாபா மருத்துவமனையில் மாநகராட்சியும் சேஹத் (CEHAT) என்ற தொண்டு அமைப்பும் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகத் தொடங்கிய ஆலோசனை மையம். பிறகு வேறு மாநகராட்சி ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது. ஊரடங்கில் கடை மூடும், ரயில் நிற்கும், ஆஸ்பத்திரி மூடாது. "வயித்து வலி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் வீட்டில் தடுக்க மாட்டார்கள்.

கேஸ் பேப்பர் (ஆஸ்பத்திரிச் சீட்டு) போட்டு உள்ளே போனதும் டாக்டரிடம் மட்டும் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். யார், எதால் அடித்தார் என்று சொன்னால் அது காயத்தோடு சேர்ந்து பதிவாகும். புகார் கொடுக்கவில்லை என்று சொல்லி சிகிச்சையை மறுக்கவும் முடியாது. அந்தத் தாளின் நகலை வாங்கி, வீட்டில் வைக்காமல், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.