வயிறு உப்பினால் முட்டை என்று அர்த்தமில்லை

"சார், மஞ்சள் மீன் நாலு நாளா சாப்பிடல. வயிறு நல்லா உப்பியிருக்கு. முட்டை போடப் போகுதா?"

அலங்கார மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. ஆசையோடு கேட்பார்கள். பதில் சொல்லத்தான் சங்கடமாக இருக்கும்.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறை இடுக்குகளில் வாழும் சிக்லிட் குடும்ப மீன்களை 'ம்புனா' என்பார்கள். கடைகளில் 'எல்லோ லேப்' என்று விற்பதும் அந்தக் கூட்டம்தான். அவற்றில் பல பாறையில் படர்ந்த பாசியையும், அதில் ஒட்டியிருக்கும் சிற்றுயிர்களையும் நாள் முழுக்கச் சுரண்டித் தின்பவை. அதற்கேற்ற நீளமான குடல். நாமோ பாசத்தில் ரத்தப்புழுவும் மாட்டு இதயமும் அள்ளிப் போடுகிறோம். வயிறு உப்பி, தீனியைத் துப்பி, வெள்ளை நூலாகக் கழித்து, மூலையில் ஒதுங்கினால் அது 'மலாவி ப்ளோட்' என்ற வயிற்று உப்பல் நோய். அழுக்குத் தண்ணீரும் மற்ற மீன்களின் துரத்தலும்கூட இதைக் கிளப்பும். ஆரம்பத்திலேயே மெட்ரோனிடசோல் மருந்து கொடுத்தால் சில பிழைக்கும். அளவை மருத்துவரிடம் கேளுங்கள். செதில் சிலிர்த்தபின் வந்தவற்றை நான் காப்பாற்றியது அபூர்வம். ஸ்பைருலினா பாசி கலந்த தீவனம், கொஞ்சம் கொஞ்சமாக. அது போதும்.

இன்னொன்று, ஆர்.ஓ. தண்ணீர். 'சுத்தமாச்சே' என்று ஊற்றுகிறார்கள். இந்த மீனுக்குக் கேன் தண்ணீர் ஆகாது, பி.ஹெச். (அமில-கார அளவு) 7.8 முதல் 8.6 வரை உள்ள கடினத் தண்ணீர்தான் வேண்டும். பாத்திரத்தில் வெள்ளை படிகிறதே என்று நாம் அலுத்துக்கொள்ளும் போர் தண்ணீரே பல வீடுகளில் பொருந்திவிடும். சோதித்துவிட்டு ஊற்றுங்கள்.

சரி, முட்டை? ம்புனா பெண் முட்டையிட்டதும் வாயில் அள்ளிக்கொள்ளும். ஆணின் அடித்துடுப்பில் இருக்கும் முட்டை போன்ற பொட்டுகளைக் கவ்வப் போகும்போது ஆண் விந்தை விடும். முட்டைகள் வாய்க்குள் கருவுறும். அப்புறம் சுமார் 3 வாரம் தாய் அநேகமாகப் பட்டினி. அப்போது உப்பியிருப்பது தாடை. வாயை மெல்வதுபோல அசைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

தாடை உப்பியிருந்தால் வலையோடு துரத்தாதீர்கள், பயத்தில் துப்பிவிடும். 2 வாரம் போனதும், விளக்கை அணைத்துவிட்டு மெதுவாகத் தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். பொடித்த தீவனத்திலேயே குஞ்சுகள் வளரும். ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண்ணாவது இருக்கட்டும், இல்லையென்றால் ஒரே பெண்ணைத் துரத்தியே கொன்றுவிடும். பல இனங்களைக் கலந்து வளர்த்த தொட்டியில் பிறந்த குஞ்சு கலப்பினமாகவும் இருக்கலாம். அதை அசல் இனத்தின் பெயரில் யாருக்கும் விற்காதீர்கள்.