செல்லுக்குள் ஒளிர்வது கார்பன் புள்ளிதானா?

2004-இல் அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கார்பன் நானோகுழாய்களைக் கரியிலிருந்து பிரித்தெடுத்தபோது, கூடவே ஒளிரும் நுண்துகள்களும் வந்து சேர்ந்தன. 10 நானோமீட்டரைத் தாண்டாத இவற்றுக்கு இன்று கார்பன் புள்ளிகள் என்று பெயர். காட்மியம் கலந்த குவாண்டம் புள்ளிகளைப் போல நச்சு உலோகமான காட்மியம் கசியும் பயம் இல்லாததால் உயிருள்ள செல்களைப் படமெடுக்க இவற்றை விரும்புகிறார்கள்.

தயாரிப்பது சுலபம். 1.05 கிராம் சிட்ரிக் அமிலம், 335 மைக்ரோலிட்டர் எத்திலீன்டையமின், 10 மில்லிலிட்டர் நீர்; டெஃப்லான் உறையுள்ள எஃகு ஆட்டோகிளேவில் (இறுக மூடிய அழுத்தக் கலனில்) 200 டிகிரி செல்சியஸில் 5 மணி நேரம். தானாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே அழுத்தம் இருக்கும். சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகக் குழு 2013-இல் வெளியிட்ட இந்த முறையில், உறிஞ்சிய 100 ஃபோட்டான்களுக்குச் சுமார் 80 திரும்பி வந்தன.

அந்த 80-ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. இதே வினையில் நீல ஒளி தரும் ஒரு சிறு சாய மூலக்கூறும் உருவாகிறது என்பது பின்னர் தெரிந்தது. அதனால் கரைசலை சுமார் 1000 டால்டனுக்குக் (மூலக்கூறு எடை அலகு) குறைவான சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் கட்டி, வெளிநீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிநீரில் புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். நீலம் தெரிகிறவரை வேலை முடியவில்லை. அதன் பிறகும் துகளோடு ஒட்டிய சாயம் தங்கிவிடும்.

அடுத்த வில்லங்கம் செல்லே. 360 நானோமீட்டர் ஒளியூட்டினால் புள்ளி 440-க்கு அருகே ஒளிரும். செல்லில் இயல்பாகவே உள்ள, ஆற்றல் வேதிவினைகளில் பங்கேற்கும் என்ஏடிஹெச் மூலக்கூறும் ஏறக்குறைய அங்கேயே ஒளிரும். புள்ளி சேர்க்காத செல்களை அதே லேசர் திறனில், அதே கெயினில் (உணரியின் பெருக்க அளவில்) படமெடுக்காமல் எதையும் சொல்ல முடியாது. புள்ளிகள் பெரும்பாலும் செல் விழுங்கித்தான் உள்ளே போகின்றன. ஆகவே உட்கருவைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகத் தெரிய வேண்டும். 4 டிகிரியில் வைத்தால் விழுங்குவது குறைந்து ஒளியும் மங்கும். செல் முழுக்க, உட்கருவும் சேர்த்து, சீராக ஒளிர்ந்தால் முதலில் செல் செத்துவிட்டதா என்று பாருங்கள்.

பாரா-ஃபினைலீன்டையமினை எத்தனாலில் 180 டிகிரியில் 12 மணி நேரம் சூடாக்கினால் சிவப்பு ஒளிரும் புள்ளிகள் கிடைக்கும். செல்லின் சொந்த ஒளியால் வரும் பின்னணித் தொல்லை குறையும். ஆனால் எத்தனாலில் பளிச்சிடுவது நீரில் மங்கிவிடக்கூடும், எனவே வளர்ப்பு ஊடகத்திலேயே அளந்து பார்ப்பது நல்லது.

திசுவுக்குள் ஆழமாகப் பார்க்கச் சிவப்பும் போதாது. அங்கே ஒற்றைச்சுவர் (ஒரே கார்பன் அடுக்காலான) நானோகுழாய்கள்தான் கைகொடுக்கின்றன; அவை ஒளிரும் 1000 நானோமீட்டருக்கு மேலான பகுதியில் ஒளி குறைவாகவே சிதறுகிறது. குழாய்கள் கட்டுக்கட்டாக ஒட்டிக்கொண்டால் ஒளி அணைந்துவிடும். சாதாரண சிலிக்கான் கேமராவும் அந்த அலைநீளத்தில் உதவாது. இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரி வேண்டும்.