நாய்க்கும் பேதி, பேரனுக்கும் பேதி

சத்துவாச்சாரியிலிருந்து வந்த குடும்பம். இரண்டு மாத லாப்ரடார் குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று நாளாகச் சளி கலந்த பேதி. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது பாட்டியம்மா மெதுவாகக் கேட்டார்: "இதுங்கிட்டேர்ந்துதான் எங்க புள்ளைக்கும் ஒட்டிக்கிச்சா டாக்டரு?"

நாலு வயசுப் பேரனுக்கு முந்தின ராத்திரியிலிருந்து காய்ச்சல், வயிற்றுவலி, பேதி. குழந்தை டாக்டரிடம் காட்டியாயிற்றாம். வீட்டில் குட்டிக்கும் பேதி என்று அவரிடம் சொன்னீர்களா என்றேன். "அவரு கேக்கலியே." அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, வீட்டில் மனுஷருக்கு எப்படி என்று நானும் பல வருஷம் கேட்டதில்லை.

ஒட்டுமா என்றால், சிலது ஒட்டும். குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பார்வோ ஒரு வைரஸ். நாயின் பார்வோ நமக்கு வராது. கேம்பைலோபாக்டர், சால்மோனெல்லா என்ற பாக்டீரியாக்கள் அப்படியில்லை. நாய்க்குடலிலும் இருக்கும், நம் குடலிலும் இருக்கும். அமெரிக்காவில் 2016 முதல் 2018 வரை, கடைகளில் விற்ற நாய்க்குட்டிகளோடு தொடர்புடைய கேம்பைலோபாக்டர் தொற்றில் 18 மாநிலங்களில் 118 பேர் படுத்தார்கள். வழக்கமான ஆன்டிபயாடிக் எதற்கும் அந்தக் கிருமி மசியவில்லை. விசாரித்த 149 குட்டிகளில் 142 குட்டிகளுக்கு ஏற்கெனவே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள், பாதிக்கு மேல் நோயே இல்லாமல். பிள்ளைக்கு வாங்கி மிச்சமான சிரப்பை நாய்க்கு ஊற்றிவிட்டு வருகிறவர்களைத் திட்டுவது இதனால்தான்.

இந்தக் குட்டி என்ன சாப்பிடுகிறது? கறிக்கடையில் வாங்கும் கோழித்தோல், குடல். வேக வைப்பதில்லை, "சுடுதண்ணி ஊத்திக் குடுப்போம்". கழுவுவது சமையலறைத் தொட்டியில். பக்கத்திலேயே கொத்தமல்லி நறுக்கும் பலகை.

கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 42 டிகிரி; நம்ம ஊர் அக்னி நட்சத்திரம் மாதிரி. அந்தச் சூடுதான் கேம்பைலோபாக்டருக்குப் பிடித்தது. கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. லேபிலும் அதே சூட்டில், ஆக்சிஜனைக் குறைத்துத்தான் வளர்க்க வேண்டும். சாதாரண மலப் பரிசோதனையில் சிக்காது. குட்டியிடமிருந்து பையனுக்கு வந்ததா, பையனிடமிருந்து குட்டிக்குப் போனதா, இருவருக்கும் அந்தக் கறிக்கடைக் கவரிலிருந்தே வந்ததா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. எனக்குக் கவர்மேல்தான் சந்தேகம்.

நாயைவிட எனக்குப் பயம் திருவிழாவில் கூடையில் விற்கும் கலர் கோழிக்குஞ்சுகள். பச்சை, ரோஸ் என்று சாயம் அடித்திருக்கும். பிள்ளைகள் கன்னத்தில் வைத்துக் கொஞ்சும். குஞ்சு துறுதுறுவென்று ஓடும், எச்சத்தில் சால்மோனெல்லா இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கோடையில் தண்ணீர் வராத நாட்களில், குடத்துத் தண்ணீரை எடுத்துக் கை கழுவ யாருக்கும் மனசு வராது. நாய் பேதியை அள்ளிய கைக்காவது சோப்பு வேண்டும். துணியைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள்; காய்ந்தால் கேம்பைலோபாக்டர் தாங்காது. சால்மோனெல்லா தாங்கும், அதனால் கொதிநீரை விட்டுவிடாதீர்கள்.

மனுஷருக்கு வந்தால் பெரும்பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். மலத்தில் ரத்தம் வந்தாலோ, நோயாளி கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றாலோ காத்திருக்க வேண்டாம். பேதி நின்று சில வாரம் கழித்துக் கால் துவண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கேம்பைலோபாக்டர் வந்தவர்களில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு நரம்பைத் தாக்கும் கில்லன்-பாரே வருவதுண்டு.

பத்து நாள் கழித்து வந்தார்கள். பேரன் ஓடிக்கொண்டிருந்தான், குட்டி என் செருப்பைக் கடித்தது. நாய்க்கென்று தனிக் குண்டான் வாங்கி, கறியை வேகவைத்துத்தான் போடுகிறாராம் பாட்டியம்மா.

"இனிமே புள்ள மூஞ்சிய நக்கலாமா டாக்டரு?"

பேதி நின்ற பிறகும் சில வாரம் மலத்தில் கிருமி வந்துகொண்டிருக்கலாம், இப்போதைக்கு வேண்டாம் என்றேன். அதற்குள் நக்கிவிட்டது. வாசல் குழாயைக் காட்டினேன்.