சயனோபாக்டீரியா: சயனைடுக்கு என்ன உறவு?

என் பெரியப்பா ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டு, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரிக்கு அனுப்புகிறவர். கல்லூரியில் படிக்கும் பேத்தி பிச்சாவரம் போய், அலையாத்திக் காட்டு மண்ணை டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்தாள். "இதுல சயனோபாக்டீரியாங்கற நுண்ணுயிரி இருக்கு தாத்தா" என்றதும் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டார். "சயனைடு நம்ம கிழங்குலதான்னு நெனச்சேன். கடல் மண்ணுலயுமா?"

அவர் பயந்ததில் தப்பில்லை. கிழங்கை அரைக்கும்போது அதிலுள்ள லினமாரின் என்ற பொருள் சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு உண்டாகும். எங்கள் பக்கம் 'சயன்' என்று காதில் விழுந்தாலே சேகோ ஃபேக்டரிக் கழிவுநீர்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் சொல்லுக்குள் நஞ்சு இல்லை, நிறம்தான் இருக்கிறது. கிரேக்கத்தில் 'குயானோஸ்' என்றால் கருநீலம். 1782-ல் ஷீலே என்ற வேதியியலாளர் பிரஷ்ய நீலம் என்னும் சாயத்திலிருந்து ஒரு கொடிய அமிலத்தைப் பிரித்தெடுத்தார். நீலத்தில் பிறந்ததால் அந்தக் குடும்பத்துக்கே பிற்பாடு சயனைடு என்று பெயர் ஒட்டிக்கொண்டது. நம் நுண்ணுயிரிக்கோ, உடம்பிலுள்ள பைக்கோசயனின் என்ற நீல நிறமியால் அதே பெயர். (இவற்றிலும் சில நஞ்சு சுரக்கும். அது வேறு நஞ்சு.) 'பாக்டீரியா' சிறு கோல் என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது.

சரி, தமிழில்? பாடப்புத்தகம் 'நீலப்பச்சைப் பாசி' என்கிறது. பசுமை என்பதன் முதலெழுத்து நீண்டு வந்ததுதான் பாசி. பச்சை, பசலை (பிரிவில் வாடும் பெண்ணின் மேனியில் படரும் நிறமாற்றம்) எல்லாம் அதன் உடன்பிறப்புகள். குறுந்தொகை 399-ல் பரணர் பசலையைக் கேணிப் பாசியோடு ஒப்பிட்டது சும்மா இல்லை. கண்ணுக்குப் பொருத்தமான பெயர்தான், இனத்துக்குத்தான் பொருந்தாது. இவற்றின் செல்லில் உட்கரு கிடையாது. ஆகவே இவை பாசி அல்ல, பாக்டீரியா. ஒரு காலத்தில் தாவரமாகவே எண்ணினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர் தேசிகாச்சாரி 1959-ல் எழுதிய பெருநூலின் பெயரே 'சயனோபைட்டா'. பைட்டா என்றால் செடி.

'பாசி' என்றால் நமக்கு ஏற்காடு ஏரிப் படிக்கட்டு மாதிரி எங்கோ வழுக்குவதுதான் தோன்றும். மண்ணிலும் இவை வாழும் என்பது அந்தச் சொல்லில் ஒளிந்துபோகிறது. கடலோரச் சதுப்பில் எது தங்கும், எது போகும் என்று முடிவு செய்வதில் உப்புக்குப் பெரிய பங்கு. அலை ஏறி இறங்கும் மண் கோடையில் காய்ந்து உப்புப் பூக்கும். அங்கே பிசின் உறைக்குள் ஈரத்தைப் பிடித்துவைக்கும் லிங்பியா போன்ற இழை வகைகள் பாய் விரித்ததுபோல் படர்கின்றன. அப்புறம் ஈரம், அலையாத்தி மரத்தின் நிழல், மண்ணிலுள்ள பாஸ்பரஸ். கார அமிலநிலையும் முக்கியம்: இவற்றுக்கு நடுநிலையோ சற்றுக் காரமோ பிடிக்கும், புளித்த மண் ஆகாது. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்து அமில மண்ணில் இவற்றைத் தேடுவதைவிடக் காரம் மிகுந்த களர் நிலத்தில் தேடலாம்.

என் கணக்கு இது: வயலில் பேசும்போது நீலப்பச்சைப் பாசி, இனம் பிரித்துப் பேசும்போது சயனோபாக்டீரியா. 'நீலக்கோலுயிரி' என்று நேராகப் பெயர்க்கலாம்தான், ஆனால் பாதிப்பேர் கோலாக இல்லாமல் நூலாகவும் உருண்டையாகவும் இருக்கிறார்களே.

பெரியப்பாவுக்கு விளக்கியதும், "காத்துல இருக்கற நைட்ரஜன மண்ணுல சேர்க்குமாம்ல, நம்ம கிழங்குக் காட்டுல போடலாமா?" என்றார். நெல்லுக்குத்தான், தண்ணீர் நிற்க வேண்டும் என்றாள் பேத்தி. தண்ணி நின்னா கிழங்கு அழுகிடும் என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்.